கூமுட்டைக்குக்கூடக் குமட்டாத நாட்கள்

அந்தக் கேக் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து பெரிய மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சின்னதாக, நுனியில் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அந்தச் சின்ன மூக்கை நம்பித்தான் பதினாறு வருஷம் அந்த இடத்தில் கேக் வெந்தது.

அவள் வேலை முட்டை அறையில். ஜன்னல் இல்லாத, குளிரூட்டிய, நீள அறை. நடுவில் ஒரு எவர்சில்வர் மேஜை, இரண்டு பக்கமும் ரப்பர் பூட்ஸும் தலையுறையும் போட்ட நாலு பெண்கள். ஆளுக்கொரு கிண்ணம். முட்டையை விளிம்பில் ஒரு தட்டு, கிண்ணத்தில் ஊற்று, பார், முகர், சரியாக இருந்தால் வாளியில் கவிழ்த்து விடு. ஓடு கீழே தொட்டிக்கு. அடுத்தது. வெள்ளைக்கரு முழங்கை வரை வழிந்து, காய்ந்து, தோலைப் பிசின் போல இழுக்கும். எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு கவுச்சி முழங்கை மடிப்பில் குடியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

மூக்கக்கா ஓடவில்லை. அவளுக்கு அருவருப்பு இல்லை என்பதல்ல, எல்லோரையும்விட அதிகம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவள் கையில் எடுத்த முட்டையை உடைப்பதற்கு முன்னாலேயே, "அது வேணாம், கீழ போடு" என்பாள். மீறி உடைத்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகக் கலங்கிய கூமுட்டை இருக்கும். அவள் முகம் ஒரு நொடியில் சுருங்கிப் போகும். "சீ, சனியன்!" கிண்ணத்தைக் கொதிநீரில் முக்கி எடுப்பாள். அவ்வளவுதான். தும்மல் மாதிரி வந்து தும்மல் மாதிரிப் போய்விடும். அடுத்த முட்டைக்கு அவள் முகம் பழையபடி தெளிந்திருக்கும்.

நாற்பத்தாறு வயதில் அது போகாமல் தங்க ஆரம்பித்தது.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், வாயில்லாப் பூச்சி. ஒரே மகள், படிப்பில் கெட்டிக்காரி. ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது வாய் நுரையைப் பார்த்து ஓங்கரித்தாள். மறுநாள் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. அதன் ஓட்டைகளில் நேற்றைய சோறு இருக்கிறது என்று தோன்றிவிட்டது, தொட முடியவில்லை. பிறகு பஸ்ஸில் ஆயிரம் கை பிடித்துப் பிடித்துப் பளபளக்கும் கம்பி. குளியலறைத் துவாரத்தில் மகளுடைய முடிக்கற்றை. புருஷன் மெல்லும் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவர் பாவம், தின்னாமலேயே எழுந்து போன நாட்கள் உண்டு.

கடைசியில் அது அவள்மேலேயே வந்து உட்கார்ந்தது. தன் நகக்கண், தன் அக்குள், தன் மூச்சு. நாளுக்கு நாலு தடவை தோல் உரியும்படி தேய்த்துக் குளித்தாள். அப்புறம் இந்த உடம்பைத் தொடவே கூசுகிறது என்று பத்து நாள் குளிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். வேலைக்கு விடுப்பு. சாப்பாடு இரண்டு வாய். இரண்டாவது வாய் தொண்டையில் நிற்கும்.

இதையெல்லாம்விட அவளை வதைத்தது மற்றவர்களின் முகம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் இடம் கொடுக்க நகர்ந்தால், நாற்றம் தாங்காமல் நகர்கிறாள் என்று தெரிந்தது. பால் போடுகிறவர் மூக்கைச் சொறிந்தால் தன்னால்தான். மகள் தட்டோடு வந்து நின்றாள் ஒரு மத்தியானம்.

"அம்மா, ரெண்டு வாய் சாப்பிடேன்."

"ஏன்டி மூஞ்ச அப்படி வச்சிருக்க?"

"எப்படி வச்சிருக்கேன்?"

"என்னப் பாத்தா அசிங்கமா இருக்குல்ல? சொல்லிடு. பரவால்ல."

மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு உதடு கோணியதும் மூக்கக்காவுக்கு அருவருப்பாகத்தான் தெரிந்தது. மறுநாள் புருஷன் கடையைத் திறக்கவில்லை. "பூட்டு தொறக்கலன்னா ஒடைக்கக் கூடாது, அதுக்குன்னு ஆள் இருக்காங்க, அவங்ககிட்ட காட்டணும்" என்றார். கல்யாணம் ஆன இருபது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

மருத்துவமனையில் மனநலப் பிரிவு டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். இது மனச்சோர்வு, ஒரு வியாதி, அழுக்கு இல்லை என்றார். மாத்திரை எழுதினார். முதல் வாரம் பாதி, பிறகு முழுசு. "உடனே ஒண்ணும் தெரியாது. சில வாரம் பொறுக்கணும். நடுவுல நீங்களா நிறுத்திடாதீங்க."

வெளியே வந்தபோது கண்ணாடி போட்ட ஓர் ஒல்லிப் பெண் காகிதக் கட்டோடு காத்திருந்தாள். அதே மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்கிறவள். மாத்திரை தொடங்குகிறவர்களின் மூளை உணர்ச்சிகளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். தொடங்கும் முன் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை. இஷ்டம் இருந்தால் வரலாம், இல்லாவிட்டாலும் வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது. புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் அவள் தலையாட்டினாள்.

ஸ்கேன் படுக்கையில் வாயில் வைக்க ஒரு மெல்லிய குழாய் கொடுத்தார்கள். அதில் சொட்டுச் சொட்டாக ஏதோ வருமாம்.

"இது யார் வாயில வச்சதோ?"

"புதுசும்மா. பாருங்க, உங்க முன்னாடியே பிரிக்கிறேன்."

பிரித்ததைப் பார்த்தும் அவளுக்குக் குடல் மேலே ஏறி இறங்கியது. பிறகு இயந்திரத்துக்குள் தள்ளினார்கள். தகர டப்பாவுக்குள் போட்டு வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம். கண்ணுக்கு நேரே முகங்கள், கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒன்று. அது என்ன முகம் என்று பட்டனை அழுத்த வேண்டும். ஒன்று சந்தோஷம், இரண்டு பயம், மூன்று கோபம், நாலு அருவருப்பு, ஐந்து சாதாரணம். அவள் நாலையே அழுத்திக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு பழத்தின் படம், பாதி பூசணம் பூத்து, தண்ணீர் விட்டு, கூடவே நாக்கில் ஒரு கேவலமான சொட்டு. அவசரத்துக்குக் கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை நசுக்கி, வெளியே வந்து, ஒரு கிண்ணம் நிறைய வாந்தி எடுத்தாள். பாதி ஸ்கேன்தான் ஆயிற்று. ஒல்லிப் பெண் முகம் சுளிக்காமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் சுளித்ததாகத்தான் மூக்கக்காவுக்குத் தெரிந்தது.

பிறகு ஒல்லிப் பெண் திரையைக் காட்டினாள். "இதுல இருபது முகம் சும்மா இருக்கிற முகம்மா. எந்த உணர்ச்சியும் காட்டாதவங்க. அதுல பதினாலுக்கு நீங்க அருவருப்புன்னு அமுக்கியிருக்கீங்க."

"அவங்க மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு."

ஒரு வாரம் கழித்துப் போனபோது அந்தப் பதினாலு ஏழாகியிருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. வாரம் முழுக்கப் படுக்கையைவிட்டு எழவில்லை. மாத்திரை வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம்.

"எனக்கு ஒரு மாத்தமும் தெரியலம்மா. அப்படியேதான் இருக்கேன்."

"மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே, முகங்களப் பாக்குற விதம் மாற ஆரம்பிக்குதுன்னு சில ஆய்வுல பாத்திருக்காங்க. கெட்ட முகத்துக்கு மூளை அலறுறது கொஞ்சம் கொறையுது. மனசு அப்புறமா மெதுவாப் பின்னாடி வரலாம். ஆனா அது நிறைய பேரோட சராசரிம்மா. உங்க ஒருத்தர வச்சு நான் ஒண்ணும் அடிச்சுச் சொல்ல முடியாது."

வெந்ததும் வேகாததுமாக ஒரு பதிலைக் கொடுத்துவிட்டாளே என்று எரிச்சலோடு வீடு திரும்பினாள். ஆனால் நாலைந்து நாள் போன பிறகு, மருந்துக் கடையில் சில்லறை கொடுத்தவரின் முகம் வெறும் களைத்த முகமாகத் தெரிந்தது. காலையிலிருந்து நிற்கிறார், கால் வலிக்கிறது, அவ்வளவுதான். அவள் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தாள். ஆமாம், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் தலைக்குக் குளித்தாள். மகள் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தபோது நகரவில்லை. ஏழாம் வாரம் பூட்ஸை மாட்டிக்கொண்டு முட்டை அறைக்குத் திரும்பினாள். "அக்கா வந்தாச்சு, இனி எங்க மூக்குக்கு லீவு" என்று பெண்கள் கூவினார்கள்.

குணமாகிவிட்டது என்று வீடே நினைத்தது. அவளும்தான். வலி போன பல் மாதிரி நிம்மதியாக இருந்தது. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. அவள் வாசலிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள்.

"நல்லது" என்றாள் மூக்கக்கா.

"அவ்வளவுதானா?"

"சந்தோஷம்தான்டி."

சந்தோஷமான விஷயம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் சந்தோஷமாக இல்லை. வருத்தமாகவும் இல்லை. மகள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அப்பாவின் கடைக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது ஸ்கேனில் இருபது முகத்தில் ஒன்றுக்குத்தான் நாலாம் பட்டனை அழுத்தியிருந்தாள். பூசணப் பழம் வந்தது, கேவலச் சொட்டு வந்தது. காலண்டர் படம் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்புறம் சாக்லேட் சொட்டு வந்தது. இனிப்பு என்று நாக்கு சொன்னது, உள்ளே வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒல்லிப் பெண் எழுதிக்கொண்டே ஒரு கணம் நிறுத்தினாள்.

"சில பேருக்கு மாத்திரையில கெட்டது மட்டும் இல்லாம நல்லதும் சேந்து மழுங்கிப் போகுதுன்னு சொல்றாங்கம்மா. எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு அப்படித் தோணுனா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. டாக்டர் அத சரி பண்ணப் பாப்பாங்க."

சரி என்றாள். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதுவும் அவளை உந்தவில்லை.

முட்டை அறைக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். சென்ட்டு சார் என்று பெயர். சட்டையில் அவ்வளவு வாசனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவார். முட்டை நாற்றம் தன்மேல் பட்டுவிடக் கூடாதாம். கதவுக்கு அந்தப்புறம் நின்று தலையை மட்டும் நீட்டிப் பேசுவார். கடைகளில் விற்காமல் திரும்பி வந்த முட்டைத் தட்டுகளை மலிவாக வாங்கி உள்ளே தள்ளிவிடுவதில் அவருக்கு ஒரு கண். விரிசல் விட்டு, ஒழுகி, அட்டையோடு ஒட்டி, சில தட்டுகளில் சின்ன வெள்ளைப் புழு நெளியும் முட்டைகள். முன்பு ஒருமுறை முயன்றபோது மூக்கக்கா அவர் ஷூ மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அவள் விடுப்பில் இருந்த மாதங்களில் தட்டுகள் மறுபடி வந்தன. அவள் திரும்பிய பிறகும் வந்தன. முதல் நாள் மற்ற மூன்று பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு முட்டையை எடுத்து, ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து, உடைத்து, முகர்ந்து, வாளியில் ஊற்றினாள். "பாத்து ஒடைங்க" என்றாள். மூக்கே சரி என்று சொல்லிவிட்ட பிறகு வேறு யார் என்ன சொல்வது? அப்பட்டமான கூமுட்டையை ஒதுக்கினாள்தான். ஆனால் நீர்த்துப் போனது, லேசாக வாடை அடித்தது, மஞ்சள்கரு ஓட்டோடு ஒட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வாளிக்குப் போயிற்று. பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள், புதிதாகச் சேர்ந்த பெண் வாளியைத் தூக்கப் போனவள் கையை உதறிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது. அது மூக்கக்காவின் வாளி.

அவள் குனிந்து பார்த்தாள். மஞ்சளாகத் தளும்பும் கலவையின் நடுவில் சாம்பல் பச்சையாக ஒரு படலம், எண்ணெய் போலப் பரவிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கறுப்புக் கட்டி மெதுவாகச் சுற்றியது. முகர்ந்தாள். சாக்கடை அடைத்துக்கொண்ட நாற்றம். மூக்கு சரியாகத்தான் வேலை செய்தது. இது அழுகல், இது கூமுட்டை, இதை ஊற்றியது நீ என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. மணிக்கட்டின் பின்புறத்தால் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். மூக்கு சுருங்கவில்லை. உதடு நேராக இருந்தது. வேறு யாருடைய முகத்தையோ தொடுவது போலிருந்தது.

சென்ட்டு சார் தலையை நீட்டினார். "என்ன, ஏன் நிறுத்திட்டீங்க?"

"கூமுட்டை விழுந்துடுச்சு சார்."

"அள்ளிப் போட்டுட்டு மீதிய அனுப்பு. அடுப்புல வெந்தா எல்லாம் செத்துடும். வெனிலா நாலு சொட்டு கூட விட்டா எவனுக்குத் தெரியும்?"

பழைய மூக்கக்காவாக இருந்தால் இந்நேரம் வயிறு பதில் சொல்லியிருக்கும். இப்போது அவள் யோசிக்க வேண்டியிருந்தது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடுவது போல. இந்த வாளி கலவை அறைக்குப் போகும். ஒரு வாளிக்கு நாற்பது கேக். அதில் எழுத்து எழுதி மெழுகுவத்தி வைப்பார்கள். யாருடைய பிள்ளையோ முதல் துண்டை வாயில் வைக்கும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம். போனாலும் போகாவிட்டாலும் இதை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது கேவலம். குமட்டாவிட்டாலும் கேவலம் கேவலம்தான்.

வாளியைத் தூக்கித் தரையின் சாக்கடைத் துளையில் கவிழ்த்தாள். அடுத்த வாளியையும். எதிர்ப்பக்கத்து இரண்டையும். பிறகு திரும்பி வந்த தட்டுகளை அப்படியே அடுக்கோடு தொட்டிக்குள் தள்ளினாள். ஓடுகள் நொறுங்கும் சத்தத்தில் அறை நிறைந்தது. யாரும் தடுக்கவில்லை.

சென்ட்டு சார் முதன்முதலாகக் கதவைத் தாண்டி உள்ளே வந்தார். பூட்ஸ் இல்லாததால் வழுக்கிச் சமாளித்து மேஜையைப் பிடித்தார். கையில் வெள்ளைக்கரு ஒட்டிக்கொண்டது. "பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிறவள வேலைக்கு வச்சா இப்படித்தான். உன் மூஞ்சியும் ஆளும், சீ!"

அவள் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு, மேலுதடு ஒரு பக்கம் ஏறி, கண் பாதி மூடி. நாலாம் பட்டன், சந்தேகமே இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த முகம் அவள்மேல் விழுந்திருந்தால் ஒரு மாதம் படுக்கையில் கிடந்திருப்பாள். இப்போது அது அவர் முகத்திலேயே இருந்தது.

"நான் வீட்டுக்குப் போறேன் சார்" என்றாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார்.

"சொல்லணும்னு தோணல டாக்டர். எதுவும் தோணலங்கறதத்தான் இப்ப சொல்ல வந்திருக்கேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாத்திரையை நிறுத்த முடியாது, இப்போது நிறுத்தினால் பழைய பள்ளத்தில் விழலாம், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்போம், பத்து நாளுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். புருஷனையும் கூப்பிட்டுச் சொன்னார்.

திரும்பி வரத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். துணி அலசிக்கொண்டிருந்தாள். எதையும் நினைக்கவில்லை. திடீரென்று அந்த வாளி கண்முன் வந்தது, அதன் பின்னால் பதினொரு நாள் வாளிகளும் வரிசையாக. நீர்த்த மஞ்சள், அட்டை ஒட்டிய ஓடு, நெளிந்த புழு, "பாத்து ஒடைங்க" என்ற தன் குரல். எத்தனை வீட்டு மேஜைக்குப் போயிற்றோ! வயிறு அடியிலிருந்து திரண்டு வந்தது. அலசு தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே அழுதாள். எத்தனையோ மாதத்தில் முதல் அழுகை. புருஷன் உள்ளேயிருந்து ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு, என்னம்மா?"

"அசிங்கமா இருக்குங்க. நான் பண்ணது அசிங்கமா இருக்கு."

"இரு இரு, மொதல்ல வாயக் கொப்பளி" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் பஸ் முழுக்க உதட்டைச் சுளித்துக்கொண்டு தன்னைப் பார்ப்பதாகத் தோன்றும். அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'சும்மா இருக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி' என்று இறங்கும் இடம் வரை சொல்லிக்கொள்வாள். சில நாள் சொன்னால் கேட்கும், சில நாள் கேட்காது. மகள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். "மானத்த வாங்காதம்மா" என்று மகள் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

தொழிற்சாலையில் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நாலு பெண்களும் சேர்ந்து, தட்டு எந்தெந்தத் தேதியில் வந்தது, யார் சொல்லி உடைத்தோம் என்று தேதி வாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தார்கள். அந்தப் பதினொரு நாளுக்கு நேரே தன் பெயரையும் எழுதச் சொன்னாள் மூக்கக்கா. மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். எழுதத்தான் வேண்டும் என்றாள். மேலாளர் படித்தார். உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். கடைக்குப் போன கேக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்தாள். இரண்டு பேர் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். இதுவரை ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும் தட்டுகள் மட்டும் நின்றன. சென்ட்டு சாரைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான் என்று கேள்வி.

போன வாரம் முட்டை அறைச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். "தரமே எங்கள் மூச்சு" என்று எழுத்து. அதன் கீழே கையில் கேக்கோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது சாட்சாத் சென்ட்டு சார். மூக்கக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு சுருங்கியது, உதடு ஏறியது, குடல் ஒரு புரட்டுப் புரண்டது.

"சீ!" என்றாள் அறை முழுக்கக் கேட்கும்படி. பிறகு ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, சுவரோரத்து ஓட்டுத் தொட்டிக்கு நேர் மேலே மாட்டச் சொன்னாள். வேலை தொடங்கி அரைமணி நேரத்தில் அந்தச் சிரிப்பின் மேல் வெள்ளைக்கரு தெறித்து வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.